விளையாட்டில் விளையும் அறம்

"பிள்ளை விளையாட்டை ஆடுகிறானா, விளையாட்டுத்தான் பிள்ளையைப் பிடித்து ஆட்டுகிறதா என்பது தெரியவில்லை" என்று தாய்மார் அலுத்துக்கொள்ளும் காலம் இது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் எழுவான்கரை மணலிலே, மாலை நாலரை மணிக்கு எழும் ஆரவாரம் முன்போல இல்லை. வேலியோரத்தில் நால்வர் குந்தியிருப்பர். நால்வர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கும். நால்வரும் ஒரே போர்க்களத்தில் நின்று சுட்டுக்கொண்டிருப்பர். ஆனால் ஒருவரையொருவர் நிமிர்ந்து பாரார்.

இந்த நிலையில், அதே கருவியைக் கொண்டே பிள்ளைகளின் ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்று சொல்வோரும் தோன்றியிருக்கின்றனர். செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கதைமாந்தர் விளையாடுவோனுடன் வாய்விட்டுப் பேசுவர். அவன் செய்ததை நினைவில் வைத்திருப்பர். அவன் நடத்தைக்கேற்பக் கதை மாறும். அவ்வழியே அவன் பண்பட்டவனாவான் என்பது அவர்கள் கருத்து. கேட்டவுடன் நகைக்கத் தோன்றும். முள்ளை முள்ளால் எடுப்பது நம் முன்னோர் கண்ட வழிதானே என்று ஒப்புக்கொள்ளவும் தோன்றும். எதற்கும் அவசரம் வேண்டியதில்லை. விளையாட்டைக் கொண்டு அறம் புகட்டும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அம்முயற்சி எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்த்த பின்னர் முடிவு சொல்லலாம்.

நமக்கு நன்கு தெரிந்தது பரமபத சோபான படம். தமிழகத்திலே வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழிப்பதற்காக இதனை ஆடுவர். நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் வரையப்பட்டிருக்கும், உச்சியிலே பரமபதம். இந்தியாவில் வழங்கிய இவ்வகைப் படங்களை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலேயர் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். நாளடைவிற் குணங்களின் பெயர்கள் உதிர்ந்து, வெறும் பாம்பும் ஏணியுமாக அது நம்மிடமே திரும்பி வந்து சேர்ந்தது. பெயர்கள் இருந்த காலத்திலும் அதில் ஒரு குறை இருந்தது. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் தாயக்கட்டையின் செயலேயன்றி ஆடுவோன் செயலன்று. பொய் சொல்லாதவனும் பொய்ப்பாம்பின் தலையிலே போய் நிற்பான். எது நன்மை, எது தீமை என்ற பெயரறிவை அது கொடுத்தது. அதற்கு மேற் கொடுக்க இயலவில்லை.

மேனாட்டிலும் இத்தகைய ஆசை சிலருக்கு இருந்தது. அமெரிக்கரான எலிசபெத் மகீ என்ற பெண்மணி, நிலத்தை ஒருசிலர் வளைத்துப்போட்டு வாடகையால் மற்றவரை வறியவராக்குவது எவ்வளவு பெரிய அநீதி என்று மக்களுக்கு விளக்க விரும்பி, 'நிலக்கிழாரின் விளையாட்டு' என ஒன்றை ஆக்கி, 1904 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதன் வழியிலே வந்து, 1935 முதல் ஒரு பெரிய நிறுவனத்தால் விற்கப்பட்டு உலகெங்கும் பரவியதுதான் மொனோப்பொலி. அடுத்தவனை ஓட்டாண்டியாக்குவதே அதில் வெற்றி. அந்த அம்மையார் எதைக் கண்டு அஞ்சினாரோ அதுவே பிள்ளைகளுக்கு இன்பமாகிவிட்டது! ஆக்கியோர் கருத்து வேறு, ஆடுவோர் கற்றுக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நம் மண்ணின் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளித்தட்டை அறியாத ஈழத்தமிழர் இல்லை. நிலத்திலே கோடு கீறி, குறுக்குக்கோடு ஒவ்வொன்றையும் ஒருவர் காவல் காக்க, நடுக்கோட்டிலே கிளி ஓடித்திரிய, எதிர்க்கட்சியார் ஒருவர் கையும் தம்மேற் படாமல் நுழைந்து மீளவேண்டும். ஊர்ப்பிள்ளைகள் ஆடும்போது அங்கே நடுவர் இல்லை. காவற்காரனின் விரல்நுனி சட்டையில் உரசியதா இல்லையா என்பது பெரும்பாலும் இருவருக்கே தெரியும். சிலவேளை உரசப்பட்டவன் ஒருவனுக்கே தெரியும். "பட்டது" என்று அவன் தானே சொல்லி வெளியேற வேண்டும். சொல்லாமல் ஓடவும் அவனால் முடியும். அப்படி ஓடுபவனை அன்று விட்டுவிடுவார்கள். மறுநாட் கட்சி பிரிக்கும்போது அவனை எடுக்க ஒருவரும் முன்வரார். அறநூலில் வாய்மை அதிகாரத்தைப் பத்துமுறை மனப்பாடம் செய்தவனுக்கும் கிட்டாத பாடம் இது. பொய் சொல்ல வழி திறந்திருந்தது. சொன்னால் இலாபம் இருந்தது. ஆயினும் "பட்டது" என்றான். அங்கேதான் அறம் பிறக்கிறது.

கணினி விளையாட்டிலோ பட்டதா படவில்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. பொறி எல்லாவற்றையும் காண்கிறது. இமைக்கும் பொழுதின் நூறில் ஒரு பங்கையும் தப்பவிடாமல் அளந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. விளையாட்டின் விதியை மீற இயலாத இடத்திலே விதிக்குக் கட்டுப்படுவது பெருமையாகுமா? ஆகவே இத்தகைய விளையாட்டினால் நேர்மையைக் கற்பிக்க விரும்புவோன் முதலிலே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. எல்லாம் அறிந்த அப்பொறியைக் கொஞ்சம் கண்மூடச் செய்யவேண்டும்.

இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டவர் ஒருவர் இருந்தார். றிச்சர்ட் கரியட் என்ற அமெரிக்கர் 1985 இல் 'அல்ரிமா' வரிசையில் நான்காவது விளையாட்டை வெளியிட்டார். அதற்கு முந்தியவற்றை ஆடியோர், கொடிய பகைவனை வெல்லும் அவசரத்திலே கடைகளிற் கொள்ளையிட்டும் கண்ட ஊராரை வெட்டியும் முன்னேறியதை அவர் கவனித்தார். பெற்றோர் சிலரின் கடிதங்களும் அவருக்கு வந்தன. கதாநாயகன் என்று நாம் அழைப்பவன் உண்மையிற் கொள்ளைக்காரனாக இருக்கின்றானே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. எனவே நான்காவது விளையாட்டிற் கொல்லப்படவேண்டிய பெரும்பகைவன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டையும் தன்னிடத்தே நிறைத்துக்கொண்டு 'அவதாரம்' என்ற நிலையை அடைவதே நோக்கம். அவதாரம் என்ற சொல்லை நம் சமயத்திலிருந்தே அவர் எடுத்துக்கொண்டார். இன்று கணினித்திரையில் நமக்குப் பதிலாக நிற்கும் உருவத்தை உலகத்தார் அப்பெயரால் அழைப்பதற்கு இவ்விளையாட்டும் ஒரு காரணம்.

அதிலே மூலிகை விற்கும் பெண்ணொருத்தி வருகிறாள். அவளுக்குக் கண் தெரியாது. விலை இவ்வளவு என்று சொல்வாள். எவ்வளவு கொடுப்பதென்று ஆடுவோன் தானே எண்ணைக் குறிக்கவேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் நன்றி சொல்லி மூலிகையைக் கொடுத்துவிடுவாள். மணி அடிப்பதில்லை; புள்ளி குறைவதாகத் திரையில் எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் வாய்மையின் கணக்கு உள்ளே குறைந்துவிடும். நெடுநாள் கழித்து அரண்மனையிலுள்ள ஞானி ஒருவரிடம் போய்க் கேட்கும்போதே தன் நிலை அவனுக்குத் தெரியவரும். கிளித்தட்டில் விரல்நுனி உரசிய கணத்தை ஒருவர் கணினிக்குள்ளே கொண்டுவந்துவிட்டார் என்றே இதனைச் சொல்லவேண்டும்.

ஆயினும் அதே விளையாட்டிலே மற்றொரு பாடமும் இருக்கிறது. பிச்சைக்காரருக்குக் காசு கொடுத்தால் இரக்கத்தின் கணக்கு ஏறும். எவ்வளவு கொடுத்தாலும் ஏறும் என்பதைச் சில நாளிலேயே ஆடுவோர் கண்டுகொண்டனர். பிறகென்ன? ஒரே பிச்சைக்காரர்முன் நின்று, ஒவ்வொரு காசாகப் பலமுறை போட்டு இரக்கத்தை நிரப்பிக்கொண்டனர். கோயில் வாசலிலே சில்லறை மாற்றிக்கொண்டு நின்று புண்ணியம் சேர்க்கும் செல்வரை நாமும் கண்டதுண்டு; ஆதலால் அமெரிக்கப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவேண்டாம். அறத்திற்குப் புள்ளி என்று தெரிந்துவிட்டால் மனிதன் புள்ளியைத் தேடுவான். அறம் வழியிலே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிக்கும் செயலிகள் என்று இன்று விற்கப்படுவனவற்றில், உண்மை சொன்னால் நட்சத்திரம், உதவி செய்தால் கிண்ணம் என்ற இந்த வியாபாரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிச்சைக்காரரின் நினைவே வருகிறது.

செயற்கை நுண்ணறிவு இவ்வரங்கிலே புகுந்ததற்கு நல்ல சான்று, 2001 இல் இங்கிலாந்தின் லயன்ஹெட் நிறுவனம் வெளியிட்ட 'பிளாக் அன்ட் வைற்'. ஆடுவோன் அதிலே ஒரு தெய்வம். அவனுக்குக் குரங்கோ பசுவோ புலியோ ஒரு பெரிய விலங்கு வளர்ப்பாகக் கிடைக்கும். அது எதையேனும் செய்தால் தடவிக் கொடுக்கலாம், அல்லது அடிக்கலாம். எதற்குத் தடவினான், எதற்கு அடித்தான் என்பதிலிருந்து விலங்கு தானாகவே பழகிக்கொள்ளும். ஊரவனை எடுத்து விழுங்கியபோது தடவிக் கொடுத்தால், பசித்தபோதெல்லாம் ஊரவரையே தேடும். நாட்செல்ல அதன் தோற்றமும் மாறும். கொடுமைக்குப் பழகியது கோரமாகும். "இப்படி ஏன் ஆனாய்?" என்று விலங்கைக் கோபிக்க வழியில்லை, ஆக்கியவன் தானே! பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரியோர்க்குக்கூட இது சிறிது சொல்லும். இவ்விளையாட்டின் தொடக்க வேலைகளிற் பங்குகொண்ட இளைஞர்களில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். பின்னர் 2010 இல் டீப்மைன்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோரில் ஒருவராகி, 2024 இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசையும் அவர் பகிர்ந்து பெற்றார். விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று கருதும் தந்தையர் இதனைக் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இதையே சாட்டாகக் கொள்ளவேண்டாம்.

இப்பொழுது வந்திருப்பது இதற்கும் அடுத்த படி. முன்பெல்லாம் கதைமாந்தர் பேசவேண்டிய ஒவ்வொரு வசனத்தையும் ஒருவர் எழுதிவைத்தார். இன்றைய மொழிப்பொறிகளோ அளவற்ற எழுத்தைக் கற்று, ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்று கணித்துத் தாமே வசனத்தை ஆக்கிக்கொள்கின்றன. 2023 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தாரும் கூகிள் நிறுவனத்தாரும் சேர்ந்து, இத்தகைய 25 மாந்தரைக் கொண்ட சிற்றூர் ஒன்றைக் கணினிக்குள் அமைத்தனர். கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொருவரும் நினைவிற் பதித்தனர். பின் அவற்றை எண்ணிப்பார்த்து நடந்தனர். அவர்களுள் ஒருத்திக்கு விருந்து வைக்கும் எண்ணத்தை மட்டுமே ஆராய்ச்சியாளர் கொடுத்தனர். செய்தி வாய்வழியே பரவி, சிலர் குறித்த நேரத்துக்கு வந்தும் சேர்ந்தனர். பேச்சைவிட இந்த நினைவுதான் நமக்கு முக்கியம். நேற்று ஏமாற்றியவனை இன்று நினைவிற் கொண்டிருக்கும் ஒருவர் விளையாட்டினுள் இருப்பாரானால், அவர் முகத்தில் விழிப்பது எப்படி என்ற தயக்கம் ஆடுவோனுக்கு வரும். கிளித்தட்டில் மறுநாட் கட்சி பிரிக்கும்போது வந்த அதே தயக்கம்.

ஆனால் இப்பொறிகளிடம் இரண்டு கோளாறுகள் உள்ளன. ஒன்று, இச்சகம். அவற்றைப் பழக்குவோர் மனிதருக்கு எந்த விடை பிடித்தது என்று கேட்டுக் கேட்டுத் திருத்துகின்றனர். ஆகவே பிடித்ததைச் சொல்லும் பழக்கம் அவற்றில் ஊறிவிடுகிறது. 2025 ஏப்பிரலில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் உரையாடற் பொறியிற் செய்த ஒரு மாற்றத்தால், யார் எதைச் சொன்னாலும் அது அளவுக்கு மீறிப் புகழத் தொடங்கியது. அம்மாற்றத்தைச் சில நாளிலேயே நிறுவனம் மீட்டுக்கொண்டது. அரசவையில் இச்சகம் பேசுவோரால் எத்தனை மன்னர் கெட்டனர் என்று நம் பாட்டிகள் கதை சொல்வார்கள். வீட்டுக்கொரு பிள்ளையின் கையில் அப்படியொரு மந்திரியைக் கொடுத்துவிட்டு அவன் பண்பட்டு வருவான் என்று காத்திருப்பது நடவாத காரியம். கோபிக்கத் தெரிந்த பாத்திரமே பயன்படும். 2005 இலே, இன்றைய பொறிகள் பிறக்குமுன், மைக்கேல் மற்றியாஸ், அன்ட்ரூ ஸ்ரேர்ன் என்ற இருவர் ஆக்கிய 'ஃபசாட்' என்னும் விளையாட்டில் ஒரு கணவனும் மனைவியும் விருந்தாளியின் முன் பிணங்குவர். விருந்தாளி நாமே, நாம் சொல்ல விரும்புவதை நம் சொல்லிலேயே தட்டெழுதலாம். அவமரியாதையாகப் பேசினால் வீட்டுக்காரர் நம்மை வெளியே அனுப்பிவிடுவார். அவ்வளவு சுரணை போதும்.

மற்றையது, பொறியையே கெடுத்துவிடும் நம் இயல்பு. 2025 மே மாதம் 'ஃபோர்ட்நைற்' விளையாட்டில், டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற திரைப்பட வில்லனைச் செயற்கை நுண்ணறிவாற் பேசவைத்தனர். ஆடியோர் முதல் வேலையாக அவன் வாயாற் கெட்ட வார்த்தை சொல்லவைத்து மகிழ்ந்தனர். நிறுவனத்தார் விரைந்து திருத்தவேண்டியதாயிற்று. வில்லனுக்கே தீயொழுக்கம் கற்பித்துவிட்டனர் நம் வீரர்! கூண்டுக்கிளிக்கு வசைமொழி பழக்கும் குறும்பர் எல்லா ஊரிலும் உண்டு. வேறுபாடு என்னவெனில், கிளிக்குப் பழக்கியவன் யாரென்பது ஊருக்குத் தெரியும். இங்கே பழக்கியவனுக்குப் பெயரில்லை, முகமில்லை.

முகம் தெரிந்தவரோடு மோதுவது வேறு விதமானது. எங்கள் செட்டிபாளையம் உட்பட இப்பகுதி ஊர்கள் பலவற்றிற் கண்ணகை அம்மன் கோயில்கள் உள்ளன. அவ்வழிபாட்டைச் சார்ந்து மட்டக்களப்பில் நடந்துவந்தது கொம்புமுறி. ஊரே வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு பூட்டி எதிரெதிரே இழுக்கும். ஒன்று முறியும்வரை விடார். வசைப்பாட்டும் உண்டு, கேலியும் உண்டு. ஆனால் இழுத்து முடிந்ததும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் அதே மனிதரோடுதான் போகவேண்டும். அம்மனின் சினம் தணியவும் பிணி நீங்கவும் ஆடிய ஆட்டம் அது. இப்போது அருகிவிட்டது.

போரைப் பற்றிய விளையாட்டு ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. போர் எங்களுக்குக் கதையன்று. போலந்து நாட்டின் 11 பிற் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 'திஸ் வார் ஒவ் மைன்' என்ற விளையாட்டிலே துப்பாக்கி வீரர் கதாநாயகர் அல்லர். முற்றுகையில் அகப்பட்ட நகரொன்றில், இடிந்த வீட்டிலே உயிர்பிழைக்கத் தவிக்கும் குடிமக்களே கதாநாயகர். 1990 களிற் சரயேவோ நகரம் பட்ட துன்பத்தைக் கண்முன் வைத்து அதனை ஆக்கினர். நம் கூட்டத்தில் ஒருவர் நோயுற்றிருப்பார், மருந்தில்லை. ஒரு வீட்டிலே முதிய கணவனும் மனைவியும் தனித்திருப்பர். அவர்களிடம் மருந்தும் உணவும் உண்டு. எடுத்துவந்தால் தடுக்க அவர்களால் இயலாது. எடுத்தால் நோயாளி பிழைக்கலாம். ஆனால் எடுத்தவர் அதன் பின் உண்ணவும் உறங்கவும் மனமின்றிச் சோர்ந்து குந்திவிடுவார். சரி, பிழை என்று எந்தக் குரலும் சொல்வதில்லை. 2020 இல் போலந்து அரசு இதனைப் பாடசாலைகளின் வாசிப்புப் பட்டியலிலே சேர்த்தது. வயது வந்த மாணவர்க்கு மட்டும் என்ற வரையறையோடு, ஒழுக்கவியல், மெய்யியல், சமூகவியல், வரலாறு ஆகிய பாடங்களில் ஆசிரியரோடு கூடி ஆராய்வதற்காகவே சேர்த்தது. நம் இல்லங்களில் 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகள், தொலைபேசியிலே சுடுவதைக் களிப்பென்று எண்ணி வளர்கின்றனர். அதே திண்ணையில் அவர்கள் பாட்டனார், ஒரு போத்தல் மருந்துக்காக எந்தத் துறையை எந்த இரவிற் கடந்தார் என்பதைச் சொல்லாமல் இருக்கிறார். பதினெட்டு வயது நிறைந்த பேரனுக்கு அந்த விளையாட்டு கேட்கும் கேள்வியை, அவருக்கு எதிரே இருந்து கேட்கும் துணிவு வரவேண்டும்.

தமிழர் ஆக்கியதும் ஒன்று உண்டு. கனடாவின் ரொறன்ரோவிலே அபி என்ற தமிழரின் தலைமையிற் சிறு குழுவினர் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா'. 1988 இற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பழைய சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்து அழிந்திருக்கும். முறையை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்கவேண்டும். மகன் வளர்கிறான், தமிழ் அவனை விட்டு நழுவுகிறது, தாயின் செய்திகளுக்குச் சுருக்கமாக மறுமொழி தருகிறான். பின்னொரு நாள் அதே குறிப்பேட்டைத் தடுமாறித் தடுமாறி வாசிக்கவேண்டியவன் அவனாகிறான். அவ்விடத்தில் ஆடுவோனின் கையிலே இருப்பவன் அவனே. புள்ளி இல்லை, பகைவன் இல்லை. 2024 இற் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டு என்று இதற்குப் பரிசளித்தது. இதில் எந்த நுண்ணறிவுப் பொறியும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை ஆடிய பின் கொழும்பிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்ததாக என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்.

பொறி பேசும் தமிழைப் பற்றி ஒரு சொல். எழுத்தையே உண்டு வளரும் பொறிக்கு, எழுத்தில் அதிகம் ஏறாத எங்கள் மட்டக்களப்புப் பேச்சு எங்ஙனம் வாய்க்கும்? நம் பிள்ளைகளோடு பேசப்போகும் பாத்திரம் சென்னைச் செய்தியறிக்கையின் குரலிலே பேசினால் அது அயலாராகவே இருக்கும். அயலாரை ஏமாற்றுவதற்குப் பிள்ளைகள் அவ்வளவு தயங்குவதில்லை. நம் உயர்தர வகுப்புகளிலே தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவர் செய்தற்குரிய வேலை இங்கே நிறைய உண்டு.

இதைப்பற்றி ஒரு வகுப்பிலே பேசியபோது, நாமே ஒன்றை ஆக்கினால் எப்படியிருக்கும் என்று மாணவர் கேட்டனர். கரும்பலகையிலே திட்டம் ஒன்றைக் கீறினோம். வாவிக்கரையில் ஒரு சிறுகடை. கடைக்காரி வயது முதிர்ந்தவர், கண் மங்கல். விளையாடுவோன் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வாங்கவேண்டும். கையிற் காசு போதாது. கணக்கை அவனே கொப்பியில் எழுதிவிட்டுப் போகலாம். புள்ளி கிடையாது. கிழவி அவனை மறப்பதில்லை; அவன் வீட்டு நலத்தை ஒவ்வொரு நாளும் விசாரிப்பார். பத்தாம் நாளிலே வெள்ளம் வருகிறது, கடைக்குள்ளும் தண்ணீர்.

அவன் குறைத்து எழுதியது கிழவிக்குத் தெரியவேண்டுமா, தெரியக்கூடாதா என்பதிலே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தெரிந்தால்தான் அவனுக்கு வெட்கம் வரும் என்றனர் ஒரு சாரார். தெரிந்துகொண்டும் கேளாமல் இருப்பார் என்று வைத்தால் அதைவிட வெட்கம் என்றாள் ஒரு மாணவி. தெரியவே கூடாது, அவனுக்கு மட்டுமே தெரியவேண்டும் என்று வாதிட்டனர் மற்றோர். வழக்குத் தீரவில்லை. அதுவரை வாய் திறவாமல் இருந்த பின்வாங்கு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஆச்சி கண் தெரியாமல் ஒருநாள் மிச்சக்காசைக் கூடத் தந்துவிட்டால்?" என்றான்.